பொவூ என்றொரு பதம்

செண்பகவல்லி கரீபியன் கடலில் உள்ள சாந்த் ஒதில் தீவில் கால் வைத்த முதல் மணி நேரத்திலேயே ‘பொவூ’ என்ற சொல்லைப் பதினேழு இடத்தில் பார்த்துவிட்டாள். விமான நிலையச் சுவரில், டாக்ஸியின் பின்கண்ணாடியில், பீர் பாட்டிலில், கால்பந்து அணியின் பனியனில், கடைசியாக ஓட்டல் வரவேற்பறைப் பெண் கையில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனில். ஒரு நாடு ஒரே சொல்லை இப்படியா தாராளமாகச் செலவழிக்கும்? அவளுடைய சொந்த ஊரான கோவில்பட்டியில்கூடக் ‘கடலைமிட்டாய்’ என்று இத்தனை இடத்தில் எழுதி வைக்கவில்லை.

அவளோடு நாற்பது கிலோ எடையில் ஒரு பெட்டியும் வந்திருந்தது. அதன் பெயர் பாகுச்செவி. பெயர் வைத்தவர் சென்னையில் இருக்கும் அவளுடைய முதலாளி குமணன். எந்தக் கருவியைச் செய்தாலும் அதற்கொரு தமிழ்ப் பெயர் சூட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அருங்காட்சியக வாசலில் அதன் தலைவி ஒர்தான்ஸ் காத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, ஆறடி உயரம், கருங்காலி நிறம், தெருமுனைவரை கேட்கும் சிரிப்பு. அவள் ஏதோ சொன்னாள். அவள் காதில் இருந்தது போலவே செண்பகவல்லியின் காதிலும் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் கருவி, “வருக வருக, அம்மையீர்! தங்கள் பயணம் இனிதே அமைந்ததா?” என்று வானொலிச் செய்தி வாசித்தது. இந்தத் தமிழை ஒரு வாரம் கேட்டால் காது புளித்துப் போகும் என்று நினைத்தவள், கருவியின் அமைப்பில் தேடி ‘தெற்கத்தி வட்டாரம்’ என்பதைத் தட்டினாள்.

“ஏ தாயி, என்ன முழிக்கிற? உள்ள வா, வெயிலு மண்டையப் பொளக்குது,” என்றாள் ஒர்தான்ஸ்.

அந்த நிமிடத்திலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

உள்ளே கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பெரிய இரும்புக் கொப்பரை இருந்தது. நாலு பேர் உட்கார்ந்து குளிக்கலாம். அடிவயிற்றில் கன்னங்கரேலென்று ஒரு கட்டி. ஓரமெல்லாம் பழுப்பு நிறத்தில் தெறித்து ஒட்டிய பொருக்கு.

“இதான் எங்க கோயிலு,” என்றாள் ஒர்தான்ஸ். “ஆயிரத்தி எண்ணூத்தி எழுவத்தி நாலு. அடிமைத்தனம் ஒழிஞ்சி இருவத்தாறு வருசம் ஆயிருச்சின்னு காயிதத்துல எழுதியிருந்தாக. ஆனா கரும்பு அதே கரும்பு, சாட்டை அதே சாட்டை. எங்க ஆளுக பத்தலைன்னு காரைக்கால்ல இருந்து ஒங்க ஆளுகளையும் வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டாந்து தள்ளுனான். இந்தக் கொப்பரைக்குத் தீத்தள்ளுனவ ஸெலி. அடிமையாப் பொறந்தவ. ஒருநா காலையில, பத்து மணி இருக்கும், பாகு கொதிச்சிக்கிட்டு இருக்கையில ‘பொவூ!’ன்னு ஒரு சத்தம் போட்டா பாரு. அம்புட்டுப் பேரும் போட்டது போட்டபடி வெளிய வந்துட்டாக. பொழுது சாயிறதுக்குள்ள தீவுல ஏழு ஆலையும் நின்னுபோச்சி. நாலாம் நாளு அவளைச் சுட்டுட்டான். ஆனா அந்த வருசம் ஒரு மூட்டை சக்கரை கப்பல் ஏறல.”

“பொவூன்னா என்ன அர்த்தம்?”

“எந்திரின்னு சொல்லுவாக. ஆப்பிரிக்காவுல எங்க முன்னோர் பேசுன பாசைன்னு நம்பிக்கை. எந்தப் பாசைன்னுதான் தெரியல. அதுக்காக மூணு பேராசிரியருக ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை இல்லாம இருக்காக.” ஒர்தான்ஸ் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். “இது எப்படிக் கேக்கும்?”

“பாகு கொதிக்கும்போது தெறிக்கும்லா, அது ஓரத்துல பட்டதும் இறுகிரும். இறுகுற அந்த நொடியில அறையில என்ன சத்தம் இருந்துச்சோ அந்த அதிர்வும் சேந்து இறுகிரும். அடுத்த தெறிப்பு அதுக்கு மேல. ஒவ்வொரு அடுக்கா ஒளியை விட்டுப் படிச்சா, சத்தம் திரும்பி வந்துரும். மூணு நிமிசமோ நாலு நிமிசமோ தேறும்.”

ஒர்தான்ஸ் கண்ணாடிப் பேழையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு, “அவ கொரல நான் கேக்கப்போறேன்,” என்றாள். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

சனிக்கிழமை பொவூ நாள். நூற்று எழுபத்தைந்தாம் ஆண்டு. காலை பத்து மணிக்குத் தலைநகரின் மைதானத்தில் ஸெலியின் குரலை ஒலிபரப்புவதென்று ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் சுற்றுலா அமைச்சர் வால்மோன். அவருக்கு ஸெலிமீது பக்தி ஒன்றும் கிடையாது. தீவின் நாற்பது ஓட்டல்களில் வேலை செய்பவர்கள், சீசன் நடக்கும் எட்டு மாதமும் வாரத்தில் ஒரு நாள்கூட விடுமுறை இல்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது விடு என்று கேட்டு, வேலைநிறுத்த அறிவிப்பும் கொடுத்தாயிற்று. தேதி மட்டும் சொல்லவில்லை. சிவப்பு ரிப்பனின் கதை அதுதான். இந்த நேரத்தில் மக்களுக்கு ஒரு திருவிழாவைக் காட்டினால் சூடு தணியும் என்பது அமைச்சரின் கணக்கு.

சங்கத் தலைவி வேறு யாருமில்லை, ஒர்தான்ஸின் தங்கை சொலாஞ். செண்பகவல்லி தங்கியிருந்த ஓட்டலின் தலைமைச் சமையல்காரி. செவ்வாய்க்கிழமை காலை காப்பிக்காக அடுக்களைப் பக்கம் போன செண்பகவல்லி, தட்டில் கொட்டியிருந்த தேங்காய் மிட்டாயைப் பார்த்து நாக்கில் நீர் ஊறிக் கை நீட்டினாள். சொலாஞ் பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி போட்டு, “பொவூ!” என்றாள். காதுக்கருவிக்கு அர்த்தம் தெரியவில்லை. அதுவும் “பொவூ” என்றது.

“அடுப்படியில அப்பிடித்தான் சொல்லுவோம்,” என்றாள் ஒர்தான்ஸ், பிறகு கேட்டபோது. “கைய எடுன்னு அர்த்தமா இருக்கும். யாரு ஆராய்ச்சி பண்ணுனா?”

புதன்கிழமை மதியம் முதல் ஒலி கிடைத்தது. மென்பொருள் தன் வழக்கப்படி நெருப்பின் இரைச்சல், இரும்புச் சத்தம், தட்டுமுட்டுச் சாமான் சத்தம், மங்கலான பேச்சு எல்லாவற்றையும் குப்பையென்று ஒதுக்கிவிட்டு, நாலு விநாடி நீளத்தில் ஒரு பெண் குரலை மட்டும் துடைத்துக் கொடுத்தது.

“பொறு!”

செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுபடி போட்டாள். சந்தேகமே இல்லை. நாக்கை மடித்துச் சொன்ன சுத்தமான வல்லின ‘று’. இந்தத் தீவு மக்களின் வாயில் ‘ர’வும் ‘ற’வும் நிற்பதில்லை, வழுக்கி ‘வ’ ஆகிவிடும். ‘பொறு’ நூற்று எழுபத்தைந்து வருடம் வழுக்கிப் ‘பொவூ’ ஆகியிருக்கிறது. ஒரு நாட்டின் விடுதலை முழக்கம் தமிழ்!

அங்கேதான் அவள் ஒரு தமிழர் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தாள். சந்தோஷம் தாங்காமல், கூட இருந்த ஒர்தான்ஸிடம்கூடச் சொல்லாமல், முதலில் சென்னைக்குப் போன் போட்டாள்.

“பொறுவா!” குமணன் நாற்காலியிலிருந்து எழுந்த சத்தம் கேட்டது. “அம்மா, நீ என்ன சொல்றன்னு உனக்குத் தெரியுதா? கரீபியன் புரட்சியோட தாய்மொழி தமிழ்!”

“சார், ஸெலி ஆப்பிரிக்க வம்சம். அவங்க ஏன் தமிழ்ல...”

“ஆப்பிரிக்காவும் குமரிக்கண்டமும் ஒருகாலத்துல...”

“சார்.”

“சரி சரி. துண்டை அனுப்பு. நான் யார்கிட்டயும் காட்ட மாட்டேன்.”

அவர் யாரிடமும் காட்டாமல் இருந்தது பதினொரு நிமிடம். அதன்பின் உலகத் தமிழர்கள் அத்தனை பேரும் காட்டினார்கள். சாயங்காலம் அமைச்சர் வால்மோன் நேரிலேயே வந்துவிட்டார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். செண்பகவல்லி உள்ளதைச் சொன்னாள். ‘காத்திரு’ என்று பொருள், ‘சகித்துக்கொள்’ என்றும் பொருள், பொறுமை என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். அமைச்சருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் காலைத் தொலைக்காட்சியில் அவர் கைகூப்பியபடி தோன்றினார். மேடைப் பேச்சு என்பதாலோ என்னவோ காதுக்கருவி தானாகவே செந்தமிழுக்குத் தாவியது. “அன்பு மக்களே! நம் தாய் ஸெலி ‘எழு’ என்று சொல்லவில்லை. ‘பொறு’ என்றாள். அறிவியல் மெய்ப்பித்துவிட்டது. விடுமுறைக் கோரிக்கை அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும். அதுவரை தாயின் சொல்லைக் காப்போம். பொறுமை!”

மத்தியானத்துக்குள் வரவேற்பறைப் பெண் கையில் ரிப்பன் இல்லை. ஓட்டல் வாசலில் யாரோ சுவரெழுத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பதினாறு ஓட்டல்களின் ஊழியர்கள் சங்கத்திலிருந்து விலகிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். அம்மாவே காத்திரு என்று சொன்னபின் யாரை நம்பித் தெருவில் இறங்குவது? சொலாஞ் சாப்பாட்டுத் தட்டைச் செண்பகவல்லி முன்னால் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனாள்.

ஒர்தான்ஸ் கொப்பரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“எனக்குத் தெரியாம ஆயிருச்சி, அக்கா,” என்றாள் செண்பகவல்லி. “நான் வேணும்னு...”

“ஒன் மேல கோவம் இல்ல தாயி. நீ கேட்டதைச் சொன்ன.” ஒர்தான்ஸின் குரலில் சிரிப்பு சுத்தமாக வற்றியிருந்தது. “ஆனா ஒண்ணு. அன்னைக்கு அவன் அவளை ஒரு தடவதான் சுட்டான். இது ரெண்டாவது.”

செண்பகவல்லிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அழுதாள். தன்மேலேயே எரிச்சலாக வந்தது. இவ்வளவு தூரம் பறந்து வந்து, ஒரு நாட்டின் முதுகெலும்பை உருவி அமைச்சர் கையில் கொடுத்தாயிற்று. அதுவும் தமிழில்.

வெள்ளிக்கிழமை காலை, மன்னிப்புக் கேட்டுவிட்டாவது ஊருக்குப் போவோம் என்று அடுக்களைக்குள் நுழைந்தாள். மறுநாள் அமைச்சர் தரும் விருந்துக்கு அறுநூறு பேருக்குச் சர்க்கரைப் பாகில் ஒரு இனிப்பு. சொலாஞ் அதற்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டாள். உருட்டி எடுத்துத் தட்டில் தட்டினாள். ‘தொப்’ என்றது. அடுப்பில் கை வைக்கப்போன உதவிக்காரியிடம் தலையைத் திருப்பாமலே, “பொவூ,” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. ‘டக்’. “பொவூ.”

மூன்றாவது சொட்டு. ‘டங்’ என்று கண்ணாடி மாதிரி ஒலித்தது. சொலாஞ் ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தை இறக்கினாள்.

செண்பகவல்லி அப்படியே நின்றாள். அவள் பிறந்து வளர்ந்ததே கடலைமிட்டாய்க் கடையில். அப்பா ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதே சோதனையைச் செய்வார். தொப் என்றால் இளம்பாகு. டங் என்றால் கல் பதம். நடுவில் கை நீட்டும் பிள்ளைகளிடம் அவர் சொன்ன சொல்லும் ‘பொறு’தான். மென்பொருள் குப்பையென்று ஒதுக்கியதில் தட்டுமுட்டுச் சத்தம் இருந்ததே! மன்னிப்புக் கேட்க வந்ததை மறந்து அவள் அருங்காட்சியகத்துக்கு ஓடினாள்.

“அக்கா, நான் துடைச்சதுதான் தப்பு. துடைக்காம கேப்போம் வாங்க.”

இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து கேட்டார்கள். நெருப்பு இரைந்தது. ஓர் ஆண் குரல் தூரத்திலிருந்து அதட்டியது.

“மேஸ்திரி,” என்றாள் ஒர்தான்ஸ். “எறக்கு, எறக்குங்கறான். பாகு ஆயிருச்சி, எறக்குன்னு கத்துறான்.”

தொப்.

“பொறு, செலி,” என்றது அந்தப் பெண் குரல். “இன்னும் பதம் வரல.”

பிறகு வேறொரு பெண் குரல். கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். அது பேசியது தமிழ்தான், ஆனால் ‘ர’ எல்லாம் ‘வ’ ஆகிய தமிழ். “எவ்வளவு நேவம், சின்னம்மா?”

ஒர்தான்ஸ் செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதுதான் ஸெலி. அந்த முதல் கொரல் ஸெலி இல்ல.”

“ஆமாக்கா. அவ தமிழ்ப் பொம்பளை. பேரு சின்னம்மா.”

மேஸ்திரி இன்னும் கிட்டத்தில் வந்து கத்தினான். டக். “பொறு.” சாட்டை ஒன்று காற்றில் வீசும் ஓசை. யாரோ முனகினார்கள். “பொறு, பொறு.” பிறகு, தெளிவாக, மணியடித்தமாதிரி, டங்.

“வந்துட்டு,” என்றாள் சின்னம்மா. “இப்ப விடு.”

கரண்டி கல்தரையில் விழுந்தது. அதன்பிறகு நூறு கால்கள் நடந்துபோகும் சத்தம்தான்.

செண்பகவல்லிக்குப் பேச்சு தடதடத்தது. “சக்கரை எடுக்கணும்னா தொப்னு கேட்ட அப்பவே இறக்கியிருக்கணும். மேஸ்திரி கத்துனது சரிதான். அப்ப விட்டுட்டுப் போயிருந்தா, அவன் வேற ஆளை வச்சு எடுத்து முடிச்சிருப்பான். இவங்க கல் பதம் வர்ற வரைக்கும் நின்னு, அதுக்கப்புறம் தீயை எரிய விட்டுட்டுப் போயிருக்காங்க. கொப்பரையோட கரிஞ்சு கல்லாப் போயிரும். உளி வச்சா கொப்பரைதான் உடையும். அந்த வருசம் சக்கரை கப்பல் ஏறலைன்னீங்களே, அது இதுனாலதான்!”

“அதை ஏன் தமிழ்ல சொன்னா?”

“மேஸ்திரிக்கு உங்க பாசை தெரியும்லா. தமிழ் தெரியாதே. ஆலையில மத்த எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தை தெரிஞ்சிருக்கு. அந்த வார்த்தை எப்ப நிக்கும்னு காத்துக்கிட்டு இருந்திருக்காங்க.”

ஒர்தான்ஸ் எழுந்து கொப்பரையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். “தோட்டத்துப் பதிவேட்டுல ஒங்க ஆளுகளுக்குப் பேரே கெடையாது தாயி. நம்பரு மட்டும். இவ பேரை ஸெலி ஒருத்திதான் சொல்லியிருக்கா.” பிறகு அந்தத் தெருமுனைச் சிரிப்பு திரும்பி வந்தது.

“இப்பவே டிவிக்காரங்களைக் கூப்பிடட்டுமா?” என்றாள் செண்பகவல்லி.

“பொவூ,” என்றாள் ஒர்தான்ஸ். “நாளைக்குப் பத்து மணிக்கு. அதுவரைக்கும் மூச்சு விடாத.” சொல்லிக்கொண்டே தங்கைக்குப் போன் போட்டாள்.

சனிக்கிழமை மைதானத்தில் இருபதாயிரம் பேர் இருந்தார்கள். வழக்கமான உற்சாகம் இல்லை. அமைச்சர் மட்டும் மாப்பிள்ளைபோல இருந்தார். நாலு விநாடித் துண்டைப் போட்டுவிட்டு இறங்கிவிடு என்று குமணன் மூன்று தடவை செய்தி அனுப்பியிருந்தார். செண்பகவல்லி மேடைக்குப் போனாள், மூன்று நிமிடம் நாற்பது விநாடியையும் ஓடவிட்டாள். பெரிய திரையில் ஒவ்வொரு சொல்லின் பொருளும் அவர்கள் மொழியிலேயே விழுந்தது.

முதல் ‘தொப்’ கேட்டபோது யாருக்கும் புரியவில்லை. ‘டக்’ கேட்டதும் கூட்டத்தில் இருந்த பெண்கள் சிலர் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரையில் விளக்கம் வருவதற்கு முன்பே அடுப்படியில் நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. ‘டங்’ கேட்டபோது மைதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“வந்துட்டு. இப்ப விடு.”

ஒரு கிழவர் முதலில் அழ ஆரம்பித்தார். பிறகு யாரோ ஒரு பெண், “விடூ!” என்று கூவினாள். இருபதாயிரம் பேர் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அமைச்சர் ஒலிவாங்கியைத் தேடினார். ஒலிவாங்கி வைத்திருந்த பையனைக் காணோம், அவனும் ஓட்டல் ஊழியன்தான்.

பதினொன்றரைக்குச் செண்பகவல்லி ஓட்டலுக்கு நடந்து வந்தாள். வரவேற்பறையில் ஆள் இல்லை. லிப்டுக்குப் பக்கத்தில் கோட்டு சூட்டு போட்ட விருந்தாளிகள் பெட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். நாற்பது ஓட்டல்களிலும் ஒரு கட்டில்கூடக் காலியில்லாத நாள், வருடத்தில் இந்த ஒரே நாள். சங்கம் ஏன் இத்தனை வாரமாகத் தேதி சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொலாஞ்சுக்குப் பதம் தெரியாமலா?

போன் அடித்தது. குமணன்.

“அம்மா, பார்த்தேன். அழுதுட்டேன்மா. ஆனா ஒரு சந்தேகம். ‘விடு’வும் தமிழ்தானே? அதையும் ஒரு செய்தியாப் போட்டா...”

“விடுங்க சார்,” என்று போனை வைத்தாள்.

அடுக்களையில் அடுப்புகள் அணைந்திருந்தன. கரண்டி தரையில் கிடந்தது. அறுநூறு பேருக்கான பாகு பெரிய அண்டாவில் பொன்னிறத்தில், தொடுவாரில்லாமல் ஆறிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி நகத்தால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தாள். டங். நடுவில் இன்னும் லேசாக இளகியிருந்தது, முழுதாக இறுகக் கால்மணி நேரமாவது ஆகும்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அண்டாவின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, வாயைப் பாகுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தும் பதியும்படி நிதானமாகச் சொன்னாள்.

“சின்னம்மா, பதம் சரியா வந்திருக்கு.”